கிரியேட்டினின் குறைஞ்சா சந்தோஷப்படலாமா?

சுகர் உள்ளவங்க ரத்தத்துல அமினோ ஆசிட்ட (புரோட்டீன் உடைஞ்சா கிடைக்கற சின்னத் துண்டுங்க) அளந்து பாத்தா ஒரு விநோதம் தெரியும். லூசின், ஐசோலூசின், வேலின்னு மூணு இருக்கு, ஜிம் பசங்க பிசிஏஏன்னு டப்பா டப்பாவா வாங்கி தண்ணில கலக்கி குடிக்கிறாங்களே, அது இந்த மூணுதான். சுகர் வர்றதுக்கு பல வருசம் முன்னாடியே இது மூணும் ரத்தத்துல கூடிக் கிடக்கும். அதே ஆளுக்கு பின்னாடி கிட்னி கெட ஆரம்பிச்சா இதே மூணும் இறங்க ஆரம்பிச்சிரும். டைரோசின்னு இன்னொரு அமினோ ஆசிட்டுக்கும் இதே கதைதான். அப்போ நடுவுல எங்கயோ ஒரு கட்டத்துல எல்லாமே நார்மல் மாதிரி பேப்பர்ல தெரிய வாய்ப்பிருக்கு, ஆளு மட்டும் மோசமாயிட்டே போவார்.

நான் லேப்ல பயோகெமிஸ்ட்ரி பக்கம் வேலை பாக்கறவ. டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். ஆனா தினமும் ரிப்போர்ட்ட கையில வாங்கற மனுசங்க மூஞ்சிய பாக்கறேன், அதனால கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு பாக்க எடுக்கற ரத்த டெஸ்ட்) மாதிரி நம்பர் குறைஞ்சா நல்லது கூடுனா கெட்டதுங்கற கணக்கு சுகர்-கிட்னி விஷயத்துல எவ்ளோ ஆபத்தானதுன்னு எழுதணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு.

அமினோ ஆசிட் சமாச்சாரம் புதுசு ஒண்ணும் இல்ல. 1969லயே பிலிப் ஃபெலிக்னு ஒரு அமெரிக்க டாக்டரும் கூட இருந்தவங்களும், உடம்பு பெருத்தவங்க ரத்தத்துல இந்த மூணும், கூடவே டைரோசினும் ஃபினைல்அலனினும் ஜாஸ்தியா இருக்கு, இன்சுலின் கூடக்கூட இதுவும் கூடுதுன்னு எழுதிட்டாங்க. அப்புறம் ரொம்ப காலம் அது அப்படியே கிடந்துச்சு. 2011ல ஃப்ரேமிங்ஹாம் ஆய்வுல (அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் ஒரு ஊர்க்காரங்கள 1948லேர்ந்து தலைமுறை தலைமுறையா கவனிச்சுட்டு வர்ற ஆய்வு) சுகர் நார்மலா இருந்த 2,422 பேர எடுத்துக்கிட்டாங்க, 12 வருசத்துல அதுல 201 பேருக்கு சுகர் வந்துச்சு, அவங்களோட பழைய ரத்தத்த எடுத்துப் பாத்தா இதே அஞ்சு அமினோ ஆசிட்டும் அப்பவே கூடுதலா இருந்திருக்கு. இன்சுலின் சரியா வேலை செய்யாதப்போ கொழுப்புலயும் ஈரல்லயும் லூசின், ஐசோலூசின், வேலின் மூணையும் உடைக்கிற வேலை மந்தமாயிரும், அதனால ரத்தத்துல தேங்குது. இத வச்சுக்கிட்டு பருப்பு சாப்பிட்டா சுகர் வரும்னு வாட்சப்ல கிளம்பிராதீங்க, தேங்கறதுக்கு காரணம் உள்ள இருக்கற கோளாறு, தட்டுல இருக்கற பருப்பு இல்ல.

சரி, கிட்னிக்கு வருவோம். கிட்னின்னா ஃபில்டர், அவ்ளோதான்னு நெறய பேர் நினைப்பு. ஃபில்டர்தான், இல்லன்னு சொல்லல, ஒரு நாளைக்கு 180 லிட்டர் கிட்ட வடிகட்டுது. ஆனா வடியறதுல அமினோ ஆசிட்டும் சேந்துதான் வடியுது, தோராயமா 50 கிராம் தினமும், அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் அடுத்த குழாய்லயே திரும்ப உள்ள இழுத்துக்கும். இழுக்கறதோட நிக்காது, இதுதான் பலருக்கு தெரியாது, அது ஒரு சமையல்கட்டு மாதிரி. ஒண்ண வாங்கி இன்னொண்ணா பண்ணி ரத்தத்துக்கு திருப்பிக் குடுக்கும். கிளைசின வாங்கி செரின் பண்ணும். ஃபினைல்அலனின வாங்கி டைரோசின் பண்ணும். குடல் சிட்ருலின்னு ஒண்ண தயார் பண்ணி அனுப்பும், அத கிட்னி ஆர்ஜினினா மாத்தும். குளூட்டமின உடைச்சு அம்மோனியா எடுத்து அதுல ஏத்தி உடம்புல சேர்ற அமிலத்த யூரின்ல வெளிய தள்ளும்.

கிட்னி படுத்துட்டா இந்த உற்பத்தியும் படுத்துரும். செரின் குறையும், டைரோசின் குறையும், சிட்ருலின் செலவாகாம ரத்தத்துல ஏறி நிக்கும். ஏடிஎம்ஏன்னு ஆர்ஜினினுக்கு ஒரு போலி உறவுக்காரன் இருக்கான், அவனும் வெளிய போக வழியில்லாம சேருவான். 1992லயே இது கிட்னி ஃபெயிலியர்ல சேருதுன்னு கண்டுபிடிச்சாச்சு. ரத்தக்குழாய் விரியறதுக்கு வேணும்ங்கற நைட்ரிக் ஆக்சைட உருவாக விடாம தடுக்கறது இவன்தான். கிட்னி பேஷன்ட்டுக்கு ஹார்ட் அட்டாக் ஏன் அவ்ளோ வருதுன்னு கேட்டா சொல்ற பல காரணத்துல இதுவும் ஒண்ணு.

டைரோசின் பத்தி இன்னும் கொஞ்சம். அட்வான்ஸ்னு ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவும் சேந்து 20 நாட்டுல டைப் 2 சுகர்காரங்க 11,140 பேர வச்சு நடந்தது. அதுல 3,500க்கும் மேல ஆளுங்களோட ரத்தத்துல அமினோ ஆசிட் அளந்து 2018ல வெளியிட்டாங்க. சுகர் வர்றதுக்கு முன்னாடி டைரோசின் கூடுறது கெட்ட சகுனம், ஆனா சுகர் வந்தப்புறம் டைரோசின் கூடுதலா இருந்தவங்களுக்கு கிட்னி, கண் பாதிப்பு கம்மியா இருந்துச்சு. அதே சமயம் இந்த அளவுகள சேத்ததால யாருக்கு பாதிப்பு வரும்னு கணிக்கறதுல கிடைச்ச முன்னேற்றம் கொஞ்சூண்டுதான். ஆராய்ச்சிக்கு நல்ல தீனி, உங்க எங்க பாக்கெட்டுக்கு இன்னும் வேலையில்ல.

இப்ப கிரியேட்டினின். நம்ம ஊர்ல "உப்பு கூடிருச்சு"ன்னு சொல்றது பெரும்பாலும் இதத்தான். இது எங்கேர்ந்து வருதுன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். ஆர்ஜினினும் கிளைசினும் சேந்து முதல் படி நடக்கறது முக்கியமா கிட்னிலயேதான். அப்புறம் ஈரல் அத கிரியேட்டினா முடிக்கும், அது தசைக்குப் போகும், தசைல தினமும் ஒரு சின்னப் பங்கு கிரியேட்டினினா மாறி ரத்தத்துக்கு வரும், அத கிட்னி வெளிய தள்ளும். அதாவது அந்த நம்பர்ல கிட்னி மட்டும் இல்ல, உங்க தொடையும் புஜமும் இருக்கு. தசை கரைஞ்சா கிரியேட்டினின் குறையும், கிட்னி ஒரு இம்மி தேறலன்னாலும்.

அளக்கற முறையும் பழசு. ஜாஃபேன்னு ஒருத்தர் 1886ல சொன்னது, காரத்துல பிக்ரிக் ஆசிட் சேத்தா கிரியேட்டினின் ஆரஞ்சு கலர் தரும், அந்தக் கலர மிஷின் படிக்கும். இன்னிக்கும் நெறய லேப்ல இதான் ஓடுது. ஆனா சுகர் எக்கச்சக்கமா இருந்தாலோ கீட்டோன் இருந்தாலோ அதுவும் கலர்ல கைவைக்கும். என்சைம் முறை இருக்கு, அது மேல், செலவு கொஞ்சம் கூட.

எங்க பெரியப்பாவுக்கு சுகர் வந்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. பாளையங்கோட்டைல இருக்காங்க. வயசு 68. கிரியேட்டினின் 1.6 இருந்துச்சு, அந்த வயசுக்கு கணக்கு போட்டா ஈஜிஎஃப்ஆர் (கிட்னி நிமிசத்துக்கு எத்தன மில்லி வடிகட்டுதுன்னு தோராயக் கணக்கு, குறைஞ்சா கெட்டது) 47 வாக்குல வரும். வாக்கிங் போற இடத்துல யாரோ ஒருத்தர் "புரோட்டீன்தான் சார் கிட்னிக்கு எமன்"னு சொல்லிட்டாரு. அன்னியோட பருப்பு கட், முட்டை கட், மீன் கட், தயிர் கூட பாதி கரண்டி. காலைல ரெண்டு இட்லி அதுவும் சட்னி மட்டும், மத்தியானம் ரசஞ்சோறு, ராத்திரி கஞ்சி. பெரியம்மா போன்ல சொல்லி அழுதாங்க: "பருப்பு சட்டிய பக்கத்துல கொண்டுபோனாலே தட்ட நகத்துதாவம்மா, நான் என்னத்த செய்ய?"

ஒரு வருசம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா 1.3. கணக்குப்படி ஈஜிஎஃப்ஆர் 60 கிட்ட. ரிப்போர்ட்ட மடிச்சு சட்டப் பையில வச்சுக்கிட்டு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டறாங்க. என்கிட்டயும் காட்டினாங்க. "பாத்தியாம்மா, ஒரு மாத்திர கூட்டல, வாயக் கட்டினேன், கிட்னிய மீட்டுட்டேன்."

நான் பேப்பர பாக்கல, ஆள பாத்தேன். 66 கிலோ இருந்த மனுசன் 58. வாட்ச் முழங்கை பக்கம் வரைக்கும் வழுக்கிட்டுப் போகுது. நாற்காலிய விட்டு எந்திரிக்க ரெண்டு கையும் ஊனுதாங்க. "பெரியப்பா, ஒரே ஒரு டெஸ்ட் எடுங்க, நான் கேட்டுக்கிடுதேன்"னு சொல்லி சிஸ்டாட்டின் சி குடுக்க வச்சேன். இது உடம்புல எல்லா செல்லும் விடற ஒரு சின்ன புரோட்டீன், தசையோட ஏத்த இறக்கத்த அவ்ளோவா பாக்காது. வந்தது 1.5, அத வச்சு கணக்கு போட்டா ஈஜிஎஃப்ஆர் 44. கிட்னி அங்கயேதான் நிக்குது, சொல்லப்போனா ஒரு துளி இறங்கியிருக்கு. குறைஞ்சது பெரியப்பாவோட சதை.

அவங்க உடம்புக்குள்ள என்ன நடந்திருக்கும்னா, மேல சொன்ன அந்த மூணு அமினோ ஆசிட் கதைதான். கிட்னி அமிலத்த தள்ளலன்னா ரத்தத்துல புளிப்பு ஏறும், அந்தப் புளிப்பு தசைக்குள்ள லூசின், வேலின உடைக்கற என்சைம முடுக்கி விடும், தசை உடைஞ்சு உடைஞ்சு போகும். அதுல வெளிலேர்ந்தும் புரோட்டீன் வரலன்னா கஜானாவ ரெண்டு பக்கமும் தொறந்து விட்ட கணக்கு. பைகார்பனேட்னு ஒரு டெஸ்ட் இருக்கு, சாதாரணமா 22க்கு மேல இருக்கணும், அது நல்லா கீழ போனா டாக்டர் சோடா மாத்திரை எழுதுவாங்க, அது வயித்துக்குன்னு நெனச்சு பாதி பேர் நிறுத்திருவாங்க. அது வயித்துக்கு இல்ல, இந்தப் புளிப்புக்கு.

புரோட்டீன் எவ்ளோ சாப்பிடலாம்? டயாலிசிஸ் இல்லாத சுகர்-கிட்னி பேஷன்ட்டுக்கு உலக அளவுல கிட்னி டாக்டருங்க வச்சிருக்கற வழிகாட்டி ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம்ங்குது. நம்ம ஐசிஎம்ஆர் 2020ல நல்லா இருக்கற ஆளுக்கே 0.83தான் சொல்லியிருக்கு. ரெண்டுக்கும் நூலிழை வித்தியாசம், கவனிச்சீங்களா? அதாவது கூடுதலா திங்காதன்னு சொல்றாங்களே தவிர பட்டினி கிடன்னு யாரும் சொல்லல. 60 கிலோ ஆளுக்கு 48 கிராம். ஒரு முட்டைல 6, ஒரு டம்ளர் பால்ல 6 இல்ல 7, ஒரு கைப்பிடி துவரம்பருப்புல (ஒரு 30 கிராம் பச்சையா) 6 இல்ல 7, ஒரு இட்லில 2, மிச்சம் சோத்துலேர்ந்தே கொஞ்சம் வரும். நம்ம வீட்டு சாப்பாட்டுல இந்த 48அ தாண்டறதே பெரும்பாடு, தினம் மட்டனும் சிக்கனும் ஓடுற வீட்ட தவிர. குறைக்க அங்க என்ன இருக்கு? அரிசில லைசின் கம்மி, உளுந்துல அது தாராளம், உளுந்துல மெத்தியோனின் கம்மி, அரிசி அத ஈடுகட்டும்னு இட்லி மாவுலயே நம்மாட்கள் கணக்கு தீத்து வச்சிருக்காங்க, அத போய் கஞ்சியா மாத்தினா எப்படி?

டயாலிசிஸ் ஆரம்பிச்சிட்டா கணக்கு தலைகீழ், 1லேர்ந்து 1.2 கிராம் வரைக்கும் சாப்பிடணும், ஏன்னா டயாலிசிஸ்லயே அமினோ ஆசிட் கழுவிட்டுப் போகும். டயாலிசிஸ்ல இருந்துக்கிட்டும் பருப்பு தொடாம இருக்கறவங்கள பாத்திருக்கேன், கோவமா வரும்.

புரோட்டீன் கிட்னிக்கு சுமைங்கறது பொய் இல்ல. நல்லா கறி சாப்பிட்டா கிட்னி வடிகட்டற வேகம் கொஞ்ச நேரத்துக்கு ஏறும், அமினோ ஆசிட்ட நரம்புல ஏத்தினாலும் ஏறும். 1982ல ப்ரென்னரும் கூட்டாளிகளும் இந்த மிகைவேகம்தான் வருசக்கணக்குல கிட்னிய தேய்க்குதுன்னு சொன்னாங்க. சரின்னு அமெரிக்கால பெரிய ஆய்வு வச்சு புரோட்டீன குறைச்சுப் பாத்தாங்க, 1994ல ரிசல்ட் வந்துச்சு, பலன் எதிர்பாத்த அளவு இல்ல, போதாக்குறைக்கு இன்சுலின் போடற சுகர் பேஷன்ட்ட அதுல சேக்கவே இல்ல. இன்னொரு பக்கம் 2024ல வந்த ஒரு ஆய்வு, ஹார்ட் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 3,511 பேருக்கு, பாதிப் பேருக்கு அமினோ ஆசிட் டிரிப்ஸ் ஏத்துனாங்க, ஏத்துனவங்களுக்கு ஆபரேஷனால வர்ற திடீர் கிட்னி பாதிப்பு 26.9 சதவீதம், ஏத்தாதவங்களுக்கு 31.7. அதே வேகம் ஏத்தற குணம் அங்க மருந்தா வேலை செஞ்சிருக்கு. இத படிச்சிட்டு டிரிப்ஸ் போடக் கிளம்ப வேணாம், அது ஆபரேஷன் தியேட்டர் சங்கதி. எமன் தேவன்னு ரெண்டா பிரிக்க முடியாதுன்னு காட்டத்தான் சொன்னேன்.

நம்பர துரத்தி மாட்டிக்கிட்டதுக்கு டாக்டருங்களே ஒரு உதாரணம் வச்சிருக்காங்க. ஹோமோசிஸ்டீன்னு ஒரு அமினோ ஆசிட், கிட்னி கெட்டா ரத்தத்துல ஏறும், ஹார்ட்டுக்கு ஆகாதுன்னு பேரு. ஃபோலிக் ஆசிட், பி6, பி12 சேத்துக் குடுத்தா இறங்கிரும். கனடால சுகரால கிட்னி பாதிச்ச 238 பேருக்கு அந்த விட்டமின கூடுதல் டோஸ்ல குடுத்து 2010ல ரிசல்ட் சொன்னாங்க. ஹோமோசிஸ்டீன் அழகா இறங்குச்சு. கிட்னி வடிகட்டற வேகம் மூணு வருசத்துல விட்டமின் சாப்பிட்டவங்களுக்கு நிமிசத்துக்கு 16.5 மில்லி இறங்கிருக்கு, மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு 10.7தான். ஹார்ட் அட்டாக், பக்கவாதமும் விட்டமின் பக்கம்தான் ஜாஸ்தி. அதுக்காக மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை சாப்பிட்டு பி12 உண்மையிலயே குறைஞ்சவங்க ஊசிய நிறுத்திராதீங்க, அது வேற கணக்கு. ஆய்வுல குடுத்தது தினமும் அதிக டோஸ், தேவை இருக்கா இல்லையான்னு பாக்காம.

நேர் எதிரா இன்னொண்ணு. நம்பர் கெட்டுப் போகும், கிட்னி தேறும். கிட்னில அமினோ ஆசிட்ட திரும்ப இழுக்கற அதே முதல் குழாய்லதான் சுகரையும் உப்போட சேத்து இழுக்கும். சுகர் ஜாஸ்தியா வடிஞ்சா இழுப்பும் ஜாஸ்தி, உப்பும் கூடவே போயிரும், அடுத்தாப்ல இருக்கற உணர்வி உப்பு வரலியே, வடிகட்டறது பத்தலையோன்னு தப்பா நெனச்சு வேகத்த ஏத்தி விடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்னு வர்ற சுகர் மாத்திரைங்க அந்த இழுப்ப தடுக்குது, வேகம் இறங்குது, அதனால ஆரம்பிச்ச புதுசுல கிரியேட்டினின் லேசா ஏறும். டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரைக்கும் அப்படித்தான், முதல் நாலு வாரத்துல 30 சதவீதம் வரைக்கும் ஏறினா நிறுத்த வேண்டியதில்லன்னே வழிகாட்டி சொல்லுது. 2019, 2020, 2022னு வரிசையா வந்த மூணு பெரிய ஆய்வுலயும் இந்த ஃப்ளோசின் வகை டயாலிசிஸ தள்ளிப் போடுதுன்னு தெளிவா வந்தாச்சு. டாபாக்ளிஃப்ளோசின் இந்தியால 2020லேர்ந்து மலிவாவும் கிடைக்குது. ஆனா 1.4 இருந்தது 1.6 ஆயிடுச்சுன்னு மாத்திரைய தூக்கிப் போட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. 1.6லேர்ந்து 1.3 ஆனதுக்கு ஸ்வீட் குடுக்கறவரு ஒரு பக்கம், 1.4லேர்ந்து 1.6 ஆனதுக்கு மருந்த நிறுத்தறவரு இன்னொரு பக்கம்.

கீட்டோ அனலாக்னு ஒரு மாத்திரை பத்தியும் கேப்பாங்க. அமினோ ஆசிட்லேர்ந்து நைட்ரஜன கழட்டிட்டு மிச்ச எலும்புக்கூட்ட குடுக்கறது, உடம்பு தன்கிட்ட கிடக்கற நைட்ரஜன மாட்டி அமினோ ஆசிட்டா ஆக்கிக்கும், யோசனை பிரமாதம். ஆனா அது கிலோவுக்கு 0.3, 0.4 கிராம்னு ரொம்ப ரொம்ப கம்மி புரோட்டீன் சாப்பாட்டோட சேத்து, கிட்டத்தட்ட அஞ்சு கிலோவுக்கு ஒரு மாத்திரை வீதம், டயட்டீஷியன் கண்காணிப்புல எடுக்கற வைத்தியம். அறுவது கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு பன்னெண்டு மாத்திரை வருது. மூணு வேளையும் வழக்கம்போல சாப்பிட்டுட்டு மூணு மாத்திரை போடறதுல காசு கரையறதத் தவிர என்ன ஆகும்னு எனக்கு விளங்கல. சாப்பிடறவங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க.

அப்ப எதத்தான் பாக்கறது? யூரின்ல ஆல்புமின். ஏசிஆர்னு கேளுங்க, ஆல்புமினையும் கிரியேட்டினினையும் ஒரே சாம்பிள்ல அளந்து வகுத்து சொல்றது, 30க்கு கீழ நல்லது, 300 தாண்டினா தீவிரம். பெரும்பாலும் கிரியேட்டினின் அசையறதுக்கு பல வருசம் முன்னாடியே இது காட்டிக் குடுத்துரும். டைப் 2வுல சுகர் கண்டுபிடிச்ச அன்னிக்கே ஒண்ணு, அப்புறம் வருசா வருசம். காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், முந்தின நாள் பயங்கர உடற்பயிற்சின்னா ஏறிக் காட்டும், அப்ப எடுக்காதீங்க, ஒருதடவ ஏறியிருந்தா மூணுலேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள மறுபடி எடுத்து உறுதி பண்ணணும். பெரிய மிஷின் இல்லாமலும் இது நடக்கும். டாக்டர் எம்.கே. மணி ஆரம்பிச்ச சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் ஸ்ரீபெரும்புதூர் பக்க கிராமங்கள்ல வீடு வீடா போய் யூரின்ல சல்ஃபோசாலிசிலிக் ஆசிட் விட்டு, கலங்குதான்னு பாத்தே புரோட்டீன கண்டுபிடிச்சு, பிரஷரையும் சுகரையும் விலை கம்மியான மாத்திரைலயே கட்டுப்படுத்திக் காட்டினாங்க. 2021லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே சுகர் பிரஷர் மாத்திரை வருது, வர்றவங்ககிட்ட யூரின் டெஸ்ட்டுக்கு எங்க போகணும்னும் கேட்டு வச்சுக்குங்க.

பெரியப்பா இப்ப பருப்பு சாப்பிடறாங்க, முட்டை வெள்ளைதான் வேணுமாம், மஞ்சள் பக்கம் போக மாட்டேங்கறாங்க, சரி போகட்டும். போன வாரம் "அமினோ ஆசிட் பூரா அளக்கற டெஸ்ட் உங்க லேப்ல இருக்குல்லா, எனக்கும் ஒண்ணு எடேன்"னாங்க. அது பிறந்த குழந்தைக்கு பிறவிக் கோளாறு இருக்கான்னு பாக்கறதுக்கு டாக்டருங்க எழுதறது, உங்களுக்கு அத வச்சு மாத்திரை கூட்டவும் மாட்டாங்க குறைக்கவும் மாட்டாங்க பெரியப்பா, அந்தக் காசுக்கு ஏசிஆரும் சிஸ்டாட்டினும் எடுத்துக்கலாம்னேன். சிஸ்டாட்டினும் தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மாத்திரை, சிகரெட், உடம்புல அழற்சி இதுக்கெல்லாம் மாறும், அதனால எடுக்கறப்போ என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுங்கன்னும் சொல்லியிருக்கேன். பெரியம்மா எழுதி வச்சிருக்காங்களாம்.